பழைய ஏ.சி.யை என்ன செய்வது? திருவனந்தபுரத்தை முன்வைத்து ஒரு பார்வை

2024 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் கேரளத்தின் ஒரு நாள் மின் நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. உச்சத் தேவை 5,700 மெகாவாட்டுக்கு மேல் ஏறியது. முன்பெல்லாம் விளக்கு வைத்து டிவி போடும் மாலை வேளையில்தான் உச்சம் வரும். அந்த ஆண்டு அது இரவு பத்து மணிக்கும் அப்பால் தள்ளிப்போனது. ஊரே ஒரே சமயத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏ.சி. போட்டதுதான் காரணம். டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை தாங்காமல் நின்றன. ஏ.சி.யை 26 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள் என்று மின்வாரியம் கேட்டுக்கொண்டது. இருபது வருடங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஏ.சி. வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று கரமனையிலும் வலியசாலையிலும் பழைய ஓட்டு வீட்டின் பக்கச் சுவரில்கூட அவுட்டோர் பெட்டி தொங்குகிறது.

அந்தப் பெட்டிகளில் கணிசமானவை பத்து வயதைக் கடந்தவை. ஏதோ ஒரு மார்ச் மாத இரவில் குளிர் வராது. மறுநாளோ மறுவாரமோ மெக்கானிக் வருவார். திறந்து பார்த்துவிட்டு, "சாரே, இனி இதில் காசு இடண்ட, மாற்றுன்னதா நல்லது" என்பார். இனி இதில் காசு போட வேண்டாம், மாற்றுவதே நல்லது என்று பொருள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நோயைச் சொல்கிறவரே பல நேரம் புது எந்திரத்தை வாங்கித் தருகிறவராகவும் இருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த முடிவுக்கென்று சில வாய்ப்பாடுகள் புழக்கத்தில் உண்டு. பத்து வருடம் ஆனால் மாற்று என்பது ஒன்று. பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்பது இன்னொன்று. எந்திரத்தின் வயதைப் பழுதுச் செலவால் பெருக்கி, 5,000 டாலருக்கு மேல் வந்தால் தூக்கிப் போடு என்பது அமெரிக்கக் கணக்கு. வீடு முழுக்கக் குழாய் ஓடும் மையக் குளிரூட்டிக்காக, கூலி மிகுந்த நாட்டில் போட்ட கணக்கு அது. இரண்டு பெட்டி, ஒரு செம்புக் குழாய், ஐந்நூறு ரூபாய்க்கு வீடு தேடி வரும் ஆள் என்று இருக்கிற நம் ஊருக்கு அது ஒட்டாது. பாதி விலைக் கணக்கு கொஞ்சம் பயன்படும். வயதுக் கணக்கை நான் நம்புவதில்லை. வட்டியூர்க்காவில் பதினைந்து வருடம் ஓடிய எந்திரத்தையும், சங்குமுகத்தில் ஐந்து வருடத்தில் உதிர்ந்துபோன எந்திரத்தையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. எது கெட்டது, பெட்டி எங்கே நிற்கிறது, வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஓட்டத்தைப் பார்ப்போம். மாற்றச் சொல்கிறவர்கள் எடுத்ததும் பேசுவது கரண்ட் பில்லைப் பற்றித்தான். எரிசக்தித் திறன் வாரியத்தின் நட்சத்திர முத்திரை 2006-ல் விருப்பத்தின் பேரில் தொடங்கி, 2010-ல் அறை ஏ.சி.களுக்குக் கட்டாயமானது. 2018-ல் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் அல்லாதது எல்லாம் ஒரே அளவுகோலின் கீழ் வந்தன. அந்த அளவுகோல் 2022 ஜூலையில் மேலும் இறுக்கப்பட்டது. அப்போது ஸ்ப்ளிட் ஏ.சி. ஐந்து நட்சத்திரம் பெறப் பருவகாலத் திறன் எண் 5-ஐத் தொட வேண்டும், ஒரு நட்சத்திரத்துக்கே 3.3 வேண்டும் என்றானது. 2010-ல் ஐந்து நட்சத்திரத்தோடு பெருமையாக வீட்டுக்கு வந்த எந்திரம் இந்த அளவுகோலில் ஒரு நட்சத்திரத்துக்கே திணறும். பழைய முத்திரையைக் காட்டி "இதுவும் ஃபைவ் ஸ்டார்தானே" என்று சொல்வதில் பொருளில்லை.

அந்த முத்திரையில் வருட நுகர்வு என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர எந்திரத்தில் அது ஏறக்குறைய 750 முதல் 800 யூனிட். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய, இன்வெர்ட்டர் இல்லாத எந்திரம் அதே வேலைக்கு 1,350, 1,400 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் 600 யூனிட், அதாவது மணிக்கு மூன்றில் ஒரு யூனிட்டைவிடச் சற்று அதிகம்.

இனி இந்த ஊரின் பழக்கத்தைப் பாருங்கள். பிப்ரவரி பாதியிலிருந்து இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இறங்கும்வரை இரவுகளில் மட்டும் ஏ.சி. போடும் குடும்பம். மழை பிடித்தபின் நடுவில் சில புழுக்கமான இரவுகளையும் சேர்த்தால் 120 இரவு, இரவுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 960 மணி நேரம். மிச்சமாவது 360 யூனிட் அளவு. யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் கீழேதான். புது எந்திரம், பொருத்தும் கூலி, குழாய், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்று வைத்தால், போட்ட பணம் கரண்ட் பில் வழியாகத் திரும்பி வரப் பதினைந்து வருடம் பிடிக்கும். அதற்குள் அந்தப் புது எந்திரத்துக்கே "காசு இடண்ட" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் தம்பதியை எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிறது. பகல் வேலைக்கும் இரவு தூக்கத்துக்கும் சேர்த்து 14 மணி நேரம், வருடத்தில் 250 நாள் ஓட்டினால் 3,500 மணி நேரம். மிச்சம் 1,300 யூனிட்டுக்கு மேல், அதாவது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நாலரை வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். இவர்கள் பழையது கெட்டுப்போகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. படுத்த முதியவரோ கைக்குழந்தையோ உள்ள, நாள் முழுக்க ஏ.சி. ஓடும் வீட்டுக்கும் இதே கணக்குதான்.

இதில் கேரளத்தின் மின் கட்டண முறையால் வரும் ஒரு சிக்கலும் உண்டு. இங்கே மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும் விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அந்தக் கோடு 500 யூனிட்டில் கிழிக்கப்பட்டிருக்கிறது. மார்ச், ஏப்ரல் பில்லில் 520, 540 என்று கோட்டை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு, ஏ.சி. குறைக்கும் 100 யூனிட் அந்த யூனிட்டுகளின் விலையை மட்டுமல்ல, மீதி 400 சொச்சத்தின் விலையையும் இறக்குகிறது. 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு இவ்வளவு லாபம் கிடையாது. ஆகவே கடைக்குப் போகும் முன் கடந்த வருடத்தின் ஆறு பில்களையும் மேசையில் பரப்பிப் பார்ப்பது நல்லது. கூரையில் சூரியத் தகடு வைத்தவர்கள் இந்தப் பத்தியையே தாண்டிப் போகலாம், அவர்கள் கணக்கே வேறு.

அடுத்தது பெட்டி நிற்கும் இடம். கரண்ட் கணக்கைவிட இதுதான் இந்த ஊரில் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். வலியதுறை, பீமாபள்ளி, பூந்துறை, விழிஞ்ஞம் என்று நகரத்தின் மேற்கு ஓரம் முழுக்கக் கடல். உப்பீரம் கலந்த காற்று நேரே வீட்டு மாடிக்கு வருகிறது. அவுட்டோர் பெட்டியின் முதுகில் இருக்கும் காயில் என்பது செம்புக் குழாயும், அதைக் கவ்விய நூற்றுக்கணக்கான மெல்லிய அலுமினியத் தகடுகளும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நிற்க, நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரியாகிவிடுகிறது. அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். முதலில் தகடுகளின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு தகடு குழாயை விட்டு விலகும். குழாயின் சூடு தகட்டுக்குப் போகாது, தகட்டின் சூடு காற்றுக்குப் போகாது. கம்ப்ரஸர் மட்டும் கூடுதல் அழுத்தத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு ஓடும். இந்த நிலையில் எந்திரம் குளிரத்தான் செய்யும், கரண்ட் மட்டும் கூடுதலாகத் தின்னும். கடைசியாகக் குழாயில் ஊசித் துளை விழும்.

ஆகவே மெக்கானிக் வருவதற்கு முன் வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவுட்டோர் பெட்டியின் பின்பக்கத் தகடுகளை விரல் நுனியால் லேசாகத் தடவிப் பாருங்கள். அழுக்கு என்றால் விரலில் கறுப்பாக ஒட்டும், தகடு விறைப்பாக நிற்கும். அரிப்பு என்றால் தகடு காய்ந்த அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வரும். நொறுங்கினால் அந்தப் பெட்டிக்கு இனி கேஸ், கெபாசிட்டர் என்று எதைச் செய்தாலும் வீண். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மூன்றாவது மாடியில் துருப்பிடித்த சட்டத்தில் முப்பது கிலோ தொங்குவது ஏ.சி. பிரச்சினை அல்ல, கீழே நடக்கிறவர்களின் பிரச்சினை. பேரூர்க்கடை, நெடுமங்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வாதை குறைவு. கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை மெதுவாக விட்டு உப்பைக் கழுவினாலே சில வருடம் கூடும்.

வீட்டுக்குள் இருக்கும் காயிலுக்கு வேறொரு நோய். எறும்புப் புற்றுபோல் செம்புக் குழாயின் சுவருக்குள் கிளை பிரிந்து ஓடும் நுண்ணிய அரிப்பு. ஈரப்பதமும் கரிம அமிலங்களின் ஆவியும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. பிளைவுட் அலமாரியின் பசை, சில பெயிண்டுகள், துப்புரவுத் திரவங்கள் எல்லாம் அந்த ஆவிக்கு மூலம். புதிதாக இன்டீரியர் செய்த ஃபிளாட்டில் இரண்டே வருடத்தில் கேஸ் இறங்குகிறதென்றால் இதைச் சந்தேகிக்கலாம். இப்போதைய காயில்களில் செம்பின் தடிமனும் குறைவு. அதனால் புதியது என்பதற்காகவே அது நீடித்து உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி எது கெட்டது என்ற கேள்வி. கெபாசிட்டர், சென்சர், விசிறி மோட்டார், அடைத்துக்கொண்ட வடிகால் குழாய் போன்றவை போனால் எந்திரம் எத்தனை வயதானாலும் பழுது பார்க்கலாம், யோசிக்கவே வேண்டாம். கம்ப்ரஸர் போனால், உத்தரவாதம் இல்லாத பட்சத்தில், பெரும்பாலும் மாற்றுவதே நல்லது. கம்ப்ரஸர் ஏன் போனது என்று தெரியாமல் புதியதை வைத்தால், அதே அழுக்கு எண்ணெயும் அதே அடைப்பும் அதையும் கொல்லும். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்குப் பத்து வருட உத்தரவாதம் தருகின்றன. ஆனால் கேஸும் கூலியும் அதில் அடங்குகிறதா என்பதை அட்டையின் சின்ன எழுத்தில்தான் பார்க்க முடியும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது போர்டு. இன்வெர்ட்டர் எந்திரங்களின் மூளை அது, பலவீனமும் அதுவே. துலாம் (ஐப்பசி) மாதத்து மாலை இடிகளை இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை மாதக் கோடைமழையும் இடியோடுதான் வரும். ரிமோட்டில் அணைத்தால் எந்திரம் தூங்குகிறதே தவிர, மின் இணைப்பு அறுவதில்லை. பிரேக்கரை இறக்கினால்தான் பாதுகாப்பு. இடிக்கு அடுத்த எதிரி பல்லி. சூடு தேடி அவுட்டோர் போர்டில் ஏறி, இரண்டு முனைகளுக்கு நடுவே வாலை வைத்துத் தானும் கருகி போர்டையும் கருக்கிவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டைப் பழுது பார்ப்பதில்லை, மாற்றத்தான் சொல்வார்கள். மாடலைப் பொறுத்து ஐந்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை கேட்கலாம். நகரத்தில் போர்டு பழுது பார்க்கும் சிறு கடைகள் உண்டு, அதில் கால்வாசிக்கு முடித்துத் தருவார்கள். எட்டு வயதுக்குள், காயில் நன்றாக இருக்கும் எந்திரம் என்றால் நான் அங்கேதான் முதலில் போகச் சொல்வேன்.

உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்பது இன்னொரு பல்லவி. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வீட்டுச் சாதன நிறுவனங்கள் தங்கள் பாகங்கள், சர்வீஸ் விவரங்களை அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லது. பத்து வருடத்துக்கு முந்தைய மாடலின் போர்டு கைக்கு வருமா என்பது வேறு.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏமாற்றும் அறியாமையும் அதிகம் புழங்கும் இடம் இதுதான். ஏ.சி. கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். "வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பலாம். ஒழுக்கு பெரும்பாலும் இன்டோர் பெட்டிக்குப் பின்னாலோ அவுட்டோர் வால்விலோ இருக்கும் நட்டு மூட்டில் இருக்கும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து தூசி ஒட்டியிருக்கும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பதே முறை. அடைத்தபின் வாக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸ். பம்ப் கொண்டுவராமல் சிலிண்டரை மட்டும் தோளில் தூக்கி வருகிறவர் செய்வது பழுது அல்ல.

எந்த கேஸ் என்பதும் முக்கியம். 2010-களின் நடுப்பகுதிவரை வந்த பெரும்பாலான எந்திரங்களில் ஆர்-22. ஓசோன் படலத்தைக் கரைப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் இது ஒழிக்கப்பட்டு வருகிறது. 2024 முடிவோடு புதிய எந்திரத் தயாரிப்பில் அதன் பயன்பாட்டை முடித்துக்கொள்வது இந்தியாவின் திட்டமாக இருந்தது, பழையவற்றின் சர்வீஸுக்கு மட்டும் இன்னும் சில காலம். அடுத்து வந்த ஆர்-410ஏ இரண்டு வாயுக்களின் கலவை, அழுத்தமும் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இப்போது பரவலாக இருப்பது ஆர்-32. கோத்ரெஜ் போன்ற சில எந்திரங்களில் ஆர்-290, அதாவது புரொப்பேன். பழைய ஆர்-22 எந்திரத்தில் "புது கேஸ்" ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. எண்ணெய் வேறு, அழுத்தம் வேறு. ஆர்-32 லேசாகவும், ஆர்-290 நன்றாகவும் தீப்பற்றக்கூடியவை.

சுற்றுச்சூழலுக்காக மாற்றுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-22 வெளியேறினால் அது 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒன்றரை டன் எந்திரத்தில் ஏறக்குறைய அவ்வளவு கேஸ் இருக்கும். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் அது 2,500 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. இரவில் மட்டும் ஏ.சி. போடும் நம் குடும்பம் புது எந்திரத்தால் வருடம் 360 யூனிட் மிச்சம் பிடித்தாலும், பழையதன் கேஸைக் கழற்றும்போது காற்றில் விட்டுவிட்டால் அந்தப் பாவத்தைக் கழுவ ஏழு வருடமாகும். அதே கணக்கில், ஒழுகும் ஆர்-22 எந்திரத்துக்கு வருடா வருடம் கேஸ் ஏற்றிக்கொண்டிருப்பதைவிட மோசமான தேர்வு வேறில்லை. காயிலில் ஒழுகும் ஆர்-22 எந்திரம் என்றால், எவ்வளவு நன்றாகக் குளிர்ந்தாலும், அதை நிறுத்திவிட வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானவர்களுக்குச் சில செய்திகள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 40,000 ரூபாய் எந்திரத்தில் இது மூவாயிரத்துக்கு மேல். பழைய ஆர்-22 குழாயிலேயே புது எந்திரத்தை இணைத்துவிடலாம் என்று சொன்னால் தயங்க வேண்டும், குழாய்ச் சுவரில் பழைய எண்ணெய் படிந்திருக்கும். சுவருக்குள் குழாயைப் புதைத்துக் கட்டிய ஃபிளாட்டுகளில் இதுவே பெரிய செலவாகிவிடும், சில வேளை பழுதே மேல் என்று முடிவை மாற்றிவிடும். இந்த ஊரில் 40 டிகிரி வெயில் கிடையாது, காற்றில் ஈரம்தான் வதைக்கிறது. தேவைக்கு மேல் பெரிய எந்திரம் அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு அடங்கிவிடும், ஈரத்தைப் போதுமான அளவு இழுக்காது. உடம்பில் ஒரு பிசுபிசுப்பு நிற்கும். நூறு, நூற்றிருபது சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும்.

அதற்கும் முன்னால் கூரையைப் பார்க்கலாம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது. மொட்டை மாடிக்கு மேல் தகரக் கூரை போடும் 'ட்ரஸ் ஒர்க்' இங்கே தெருவுக்குத் தெரு நடக்கிறது. மழைக் கசிவுக்காகப் போட்டவர்கள் பலர், அறை குளிர்ந்ததைப் பிறகுதான் கவனித்தார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்நகரின் உள்ளூர் பகுதியில் கட்டிக் காட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் துளைச் சுவர்கள் காற்றோட்டத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்றும் சாட்சி. எல்லாரும் அப்படிக் கட்ட முடியாது என்பது வேறு விஷயம். கூரையைச் சரிசெய்தபின் பழைய எந்திரமே போதும் என்று தோன்றலாம்.

பழையது எங்கே போகிறது என்பது கடைசிக் கேள்வி, கடைக்காரர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் சில ஆயிரம் கழித்துத் தூக்கிப்போவார்கள், அல்லது ஆக்ரிக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) செம்பின் எடைக்குப் பணம் தருவார். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, விற்ற எந்திரங்களை முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. கேரளத்தில் ஹரித கர்ம சேனை, கிளீன் கேரளா கம்பெனி வழியாகவும் மின்கழிவு சேகரிக்கப்படுகிறது. எந்த வழியில் கொடுத்தாலும், கழற்றும் முன் மெக்கானிக்கிடம் 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வால்வை மூடி, கேஸ் முழுவதையும் அவுட்டோர் பெட்டிக்குள் இழுத்து, அடுத்த வால்வையும் மூடுவது. கம்ப்ரஸர் உயிரோடு இருந்தால் ஐந்து நிமிட வேலை. கம்ப்ரஸர் செத்த எந்திரத்தில் இது நடக்காது, கேஸை உறிஞ்சி எடுக்கத் தனி எந்திரமும் சிலிண்டரும் வேண்டும். அவற்றைக் கொண்டுவரும் ஆளைக் கூப்பிட்டு, அதற்கான கூலியையும் மாற்றும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.